பிரிக்பீல்ட்ஸ் தெருவில் வாழ்ந்த திருநங்கைக்கு நகர வரலாற்றில் எங்கே இடம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத் தமிழர்களின் வரலாற்றைப் பற்றி உங்கள் குழு ஒரு புகைப்படக் கண்காட்சி அமைக்கிறது. அதற்காகக் குடும்பங்களிடம் பழைய படங்களைத் திரட்டியபோது, ஒரு திருமண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், பூக்கடை வாசலில் புடவை கட்டி நிற்கும் ஒரு திருநங்கையின் படம் கிடைத்திருக்கிறது. எண்பதுகளில் அந்த வட்டாரத்தில் அவரை அறியாதவர் இல்லை என்றும், எல்லோரும் ‘அக்கா’ என்றே அழைத்தார்கள் என்றும், பின்னர் அவர் அதே நகரத்தின் சௌ கிட் பகுதிக்குப் போய் அங்கேயே இறந்துபோனார் என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நியூ யார்க்கில் திருநங்கைப் போராளி மார்ஷா பி. ஜான்சன் பெயரில் பூங்கா இருப்பதைப் போல, இவரை நம் நகரத்தின் மார்ஷாவாக அறிமுகப்படுத்தலாமா என்று கேட்கிறீர்கள். குழுவில் மூத்தவர் ஒருவர், “அந்தக் கதையெல்லாம் இப்போது எதற்கு, நம் சனத்தின் நல்ல பக்கத்தைக் காட்டுங்கள்” என்று தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

படத்தை வையுங்கள் என்பதே என் பதில். ஆனால் அவரை மார்ஷாவாக்க வேண்டாம். அவரைப் பற்றி அரசாங்கத் தாள்களில் ஏதேனும் இருக்குமானால் அதை எழுதியவர்கள் அவரைப் பிடித்துச் சென்றவர்களாகவே இருப்பார்கள். ஆகவே அவருடைய வாழ்க்கையை அவரோடு வாழ்ந்தவர்களின் வாயிலிருந்துதான் முதலில் கேட்டு எழுத வேண்டும். எழுதியதை எவ்வளவு வெளியிடலாம் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, நீங்கள் எடுத்துக்காட்டிய மார்ஷாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவரை நியூ யார்க் நினைவுகூர்ந்த விதத்தில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

மார்ஷா 1945 ஆகஸ்ட் 24 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், கையில் 15 டாலரும் ஒரு பைத் துணியுமாக நியூ யார்க் வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள். நிலையான வீடு அவருக்குப் பல ஆண்டுகள் இருந்ததில்லை. பாலியல் தொழில் செய்தார், யாசித்தார், நண்பர்களின் வீடுகளிலும் திரையரங்குகளிலும் தூங்கினார். மொத்தப் பூச்சந்தைப் பகுதியில் பூக்களைத் தரம் பிரிக்கும் மேசைகளுக்கு அடியில் அவர் படுத்து எழுவதுண்டு. விற்காமல் மிஞ்சிய பூக்களைக் கடைக்காரர்கள் கொடுப்பார்கள், அவற்றை அவர் தலையில் கிரீடமாகச் சூடிக்கொள்வார். அவரது படங்களில் நாம் காணும் பூக்கள் இப்படி வந்தவைதான். ‘பி’ என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்று நீதிபதி ஒருவர் கேட்டபோது, “அதைக் கண்டுகொள்ளாதீர்கள்” என்பதைக் குறிக்கிறது என்று பதில் சொன்னவர். எத்தனை முறை கைதானார் என்ற கேள்விக்கு, நூறுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டதாகச் சொன்னவர்.

1969 ஜூன் 28 அதிகாலை, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீசார் நடத்திய சோதனையை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த இரவில் முதல் கல்லை எறிந்தவர் மார்ஷாதான் என்ற கதை இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆனால் மார்ஷாவே ஒரு பேட்டியில், தாம் இரவு 2 மணி அளவில்தான் அங்கே போனதாகவும், அதற்குள் கலவரம் தொடங்கிவிட்டதாகவும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய சொந்தச் சாட்சியம் ஒலிப்பதிவாக இருக்கிறது. இருந்தும் கதைதான் வென்றது. இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. தெருவில் வாழ்ந்த ஒருவரின் பேச்சுக்கு அவர் உயிரோடு இருந்தபோதும் மதிப்பில்லை, போற்றும்போதும் மதிப்பில்லை என்றால், அந்தப் போற்றுதலில் ஏதோ கோணல் இருக்கிறது.

அந்த ஒரு கல்லுக்காக மறக்கப்பட்டவை அதைவிடப் பெரியவை. 1970-இல் அவரும் சில்வியா ரிவேராவும் சேர்ந்து ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டை விட்டு விரட்டப்பட்டுத் தெருவில் நின்ற இளையவர்களுக்கு முதலில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கிடந்த டிரெய்லர் வண்டியிலும், பிறகு கிழக்கு 2-ஆம் தெருவில் ஒரு பாழடைந்த கட்டடத்திலும் இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக மூத்தவர்களான இவர்கள் தெருவில் நின்று வாடகை கட்டினார்கள். 1971-இல் வீட்டுக்காரர் வெளியேற்றிவிட்டார். 1973-இல் அந்த நகரத்தின் தன்பாலீர்ப்பாளர் பெருமித ஊர்வலத்தை நடத்தியவர்களே, இவர்களைப் போன்றவர்கள் வந்தால் இயக்கத்திற்குக் கெட்ட பெயர் என்று ஒதுக்கினார்கள். இவர்கள் ஊர்வலத்திற்கு முன்னால் நடந்துபோனார்கள். உங்கள் குழுவின் பெரியவர் சொல்லும் ‘நல்ல பக்கம்’ என்ற வாதம் நமக்கு மட்டும் உரியதில்லை என்பதை இங்கே கவனியுங்கள். எய்ட்ஸ் நோய் பரவிய ஆண்டுகளில், நோயுற்ற நண்பர்களின் படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டவர்களில் மார்ஷாவும் ஒருவர்.

1992 ஜூலை 6 அன்று ஹட்சன் ஆற்றில் அவரது உடல் கிடைத்தது. வயது 46. போலீசார் விரைவாகவே தற்கொலை என்று கோப்பை மூடினார்கள், நண்பர்கள் ஏற்கவில்லை, பிறகு மரணத்தின் காரணம் தீர்மானிக்கப்படாதது என்று மாற்றப்பட்டது, இருபது ஆண்டுகள் கழித்து, 2012-இல், வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. நியூ யார்க் டைம்ஸ் அவருக்கான இரங்கல் குறிப்பை 2018 மார்ச்சில்தான் வெளியிட்டது, தான் கவனிக்காமல் விட்டவர்களின் வரிசை என்ற தலைப்பின் கீழ். 2020 ஆகஸ்ட் 24 அன்று, அவரது 75-ஆவது பிறந்தநாளில், புரூக்லின் பகுதியில் கிழக்கு ஆற்றங்கரையில் இருந்த மாநிலப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டே அங்கே ஒரு தகராறு எழுந்தது. சிமென்ட் தரையில் செயற்கை வண்ணங்களால் பெரிய பூக்களை வரையும் திட்டத்தை அரசு கொண்டுவர, மார்ஷாவின் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தார்கள், அவருக்கு உண்மையான பூக்களை நடுங்கள் என்று கேட்டார்கள், திட்டம் மாற்றப்பட்டது. அவரை அறிந்தவர்களை முதலில் கேட்டிருந்தால் அந்தத் தகராறே வந்திருக்காது. ஸ்டோன்வாலைச் சுற்றியுள்ள இடம் 2016-இல் தேசிய நினைவிடமானது; 2025 பிப்ரவரியில் அந்த நினைவிடத்தின் அரசாங்க இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற குறிப்பே நீக்கப்பட்டது. நினைவிடம் எழுப்பிவிட்டால் நினைவு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நிம்மதி கொள்ள முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூரின் தெருப்பெயர்களை உற்றுப் பார்த்தால் இந்த நகரம் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்பது தெரியும். பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று, அமைச்சராக இருந்தவரின் பெயரில், துன் சம்பந்தன் சாலை. ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளையின் பெயரில் சௌ கிட்டுக்கு அருகே ஒரு சாலை இருக்கிறது. சௌ கிட் என்பதே ஈயச் சுரங்கத் தொழிலிலும் வணிகத்திலும் செல்வந்தரான லோக் சௌ கிட்டின் பெயர்தான். அதன் பக்கத்தில் உள்ள ஹாஜி தாயிப் சாலையும் சந்தும் சுமத்ராவின் மினாங்கபாவ் இன வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கியவை. ஆனால் லோரோங் ஹாஜி தாயிப், அதாவது அந்தச் சந்தின் பெயரைச் சொன்னால், இந்நகரத்தில் வளர்ந்த எவருக்கும் நினைவுக்கு வருவது அந்த வணிகர் இல்லை. இருட்டிய பிறகு அங்கே நின்ற திருநங்கையர்தான். அந்தச் சந்து ஊருக்குத் தெரிந்தது அவர்களால். அவர்களில் ஒருவரின் பெயரும் ஊருக்குத் தெரியாது.

அங்கே நின்றவர்களில் மலாய்க்காரர்கள் பெரும்பாலோர் என்றாலும் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு நகரத்துக்கு வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள், அல்லது தோட்டத்து வரிசை வீடான லயன் வீட்டிலிருந்து அடிபட்டுத் தனியாகப் பேருந்து ஏறியவர்கள். அவர்களுக்கு இந்நகரத்தில் முதல் சோறு போட்டது பெரும்பாலும் இன்னொரு திருநங்கைதான். மூத்தவர் இளையவரை மகளாக ஏற்றுக்கொள்வார். மகளுக்கு மகள் வரும்போது பாட்டியாவார். இந்த அம்மா-மகள் உறவுதான் உங்கள் ஆய்வுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நம்பகமான வம்சாவளி. உங்கள் படத்தில் இருப்பவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார், மகள்களும் இருந்திருக்கலாம். பூக்கடைக்காரரின் பிள்ளைகளை விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். நல்லது, ஆனால் அவர்கள் அறிந்தது வாசலில் நின்ற அக்காவை மட்டும். அவர் எங்கே தூங்கினார், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் மகள்கள்தான்.

அரசாங்க ஆவணங்களில் தேடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேடலாம், ஆனால் எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முஸ்லிம் திருநங்கையர் மீது ஷரியா சட்டம் பாய்கிறது. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களின் 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஓர் ஆண் பொது இடத்தில் பெண்ணுடை அணிந்து ஒழுக்கக்கேடான நோக்கத்துடன் பெண்ணாக நடந்துகொள்வதைக் குற்றமாக்கி, 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. உங்கள் அக்கா இந்துவாக இருந்திருந்தால் இந்தச் சட்டம் அவரைத் தொட்டிருக்காது. முஸ்லிம் அல்லாதவர்களைப் பிடிக்கும்போது போலீசார் எடுத்துக்கொள்வது 1955-ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின் 21-ஆவது பிரிவை. பொது இடத்தில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர், கலாட்டா செய்பவர், அநாகரிகமாக நடந்துகொள்பவர் என எல்லோரையும் ஒன்றாக அள்ளும் பிரிவு அது. முதல் முறை 25 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 14 நாள் வரை சிறை. இதன் விளைவு என்னவென்றால், நீதிமன்றப் பதிவேட்டில் அவர் இருந்தாலும், பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆண் பெயரோடு, அநாகரிக நடத்தைக்காகத் தண்டம் கட்டிய ஓர் ஆணாகவே இருப்பார். குடிகாரர்களின் பட்டியலில் அவரை எப்படிப் பிரித்தறிவீர்கள்?

அடையாள அட்டையும் உதவாது. நம் அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அந்த ஓர் இலக்கத்தை மாற்றுவதற்கு ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கையின் பாலினக் குறிப்பை மாற்றும்படி தேசியப் பதிவுத் துறைக்கு உத்தரவிட்டது. ஆனால் எல்லா வழக்குகளும் அப்படி முடியவில்லை. உடை பற்றிய சட்டத்திலும் இப்படித்தான். நெகிரி செம்பிலானின் இதே போன்ற ஷரியா பிரிவை 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுத்த முறை சரியில்லை என்ற காரணத்தால் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆக, இறப்புப் பதிவேட்டிலும் உங்கள் அக்கா ஆண் பெயரில்தான் இருப்பார். குடும்பம் வந்து உடலை வாங்கிக்கொண்டிருந்தால், தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை போட்டு, அவர் விட்டு வந்த பெயரைச் சொல்லித் தகனம் செய்திருக்கவும் கூடும். அப்படி நடந்ததைக் கண்ணீரோடு சொன்ன மகள்களை நான் சந்தித்திருக்கிறேன். மகள்கள் சடங்குக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது.

பத்திரிகைகளைப் பாருங்கள். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களில் பிரிக்பீல்ட்ஸ் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. ஆனால் நம் இதழ்களில் திருநங்கையர் நுழைந்தது பெரும்பாலும் போலீஸ் சோதனைச் செய்தியின் வழியாகவோ நகைச்சுவைத் துணுக்கின் வழியாகவோதான். அந்த மொழியை அப்படியே கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டாம். இது நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில், மலர்வனத்துக்குப் புறப்பட்ட மணிமேகலை புகார் நகரத் தெருவில் நடந்துவரும்போது, பேடிக் கோலம் பூண்டு ஆடுபவரைச் சுற்றி நின்று பார்க்கும் கூட்டத்தைச் சாத்தனார் காட்டுகிறார். ஒரு தமிழ் நகரத் தெருவில் இவர்களுக்கு இருந்த இடத்தை அந்த வரிகள் காட்டுகின்றன. பார்ப்பதற்கு ஒரு கோலம் என்ற இடம். ஆடியவரின் பெயரோ ஊரோ அங்கே இல்லை. உங்கள் கண்காட்சியிலும் அவர் பார்க்கப்படுபவராக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

எனவே பேட்டிகளுக்கு வாருங்கள். சௌ கிட்டில் இவர்களோடு வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. 1987-இல் தொடங்கிய பிடி அறக்கட்டளை எய்ட்ஸ் தடுப்புப் பணியின் வழியாக இந்தத் தெருக்களை நெடுங்காலமாக அறிந்தது. திருநங்கை உரிமைச் செயற்பாட்டாளர் நிஷா அயூபும் அவருடைய தோழர்களும் 2014-இல் நிறுவிய சீட் அறக்கட்டளை திருநர்களாலேயே நடத்தப்படுவது. படத்தோடு நேராகத் தெருவுக்குப் போய், “இவரைத் தெரியுமா” என்று கேட்டுத் திரியாதீர்கள்; காக்கி உடுப்பில் வருபவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அமைப்பின் வழியாகச் செய்தி சொல்லி, அவர்கள் விரும்பும் இடத்தில், விரும்பும் நேரத்தில் சந்தியுங்கள். இரவு வேலை செய்பவர்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்வது மரியாதையில்லை. அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், முன்கூட்டியே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் தேவை. அறுவை சிகிச்சையைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். பழைய ஆண் பெயரையும் கேட்க வேண்டாம். ஆண்டுக் கணக்கைக் கேட்டால் பெரும்பாலோர் தயங்குவார்கள், அல்லது உங்களுக்குப் பிடித்த ஆண்டைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக நகரத்தை வைத்துக் கேளுங்கள். வயதில் மிக மூத்தவர்களிடம், 1969 மே 13 இனக் கலவரத்தின்போது ஊரடங்கில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கலாம்; ஸ்டோன்வால் எழுச்சி அதற்கு ஆறு வாரம் பின்னால் நடந்தது, நம் ஊரில் அந்த ஆண்டின் நினைவு முழுவதும் வேறு துயரத்தால் நிரம்பியிருக்கிறது. அடுத்தவர்களிடம், பாலின மாற்று அறுவை சிகிச்சையை எண்பதுகளின் தொடக்கத்தில் தேசிய ஃபத்வா மன்றம் தடை செய்தபோது நடந்ததைக் கேளுங்கள். அது முஸ்லிம்களுக்கு உரிய தடை என்றாலும் தோழிகளின் வாழ்க்கை புரண்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அக்கா பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போனது 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறப்பதற்கு முன்பா பின்பா, சௌ கிட்டில் மோனோரயில் ஓடத் தொடங்கிய 2003-இல் இருந்தாரா, 2010-இல் லிட்டில் இந்தியா என்று வளைவு கட்டியபோது யாராவது அவரை அங்கே பார்த்தார்களா என்று கேட்டால், ஒரு வாழ்க்கைக்கு இரண்டு கரைகள் கிடைத்துவிடும். இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதி, யார் யார் எப்படிச் சொன்னார்கள் என்பதைக் காட்டுங்கள். மார்ஷாவின் முதல் கல்லைப் போன்ற ஒன்றை நாமே உருவாக்கிவிடாமல் இருக்க இதுவே வழி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேட்டி கொடுப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். மேலே சொன்ன சட்டங்கள் இன்றும் நடப்பில் இருப்பவை. இறந்துபோன அக்காவைப் பற்றி அவர் தோழி சொல்லும் ஒரு வரி, தோழியைக் காட்டிக்கொடுக்கும் வரியாகவும் இருக்க முடியும். தமிழ் முஸ்லிம் திருநங்கை ஒருவர் பேசினால் ஆபத்து இரு மடங்கு. ஆகவே ஒலிப்பதிவு செய்வதற்கு ஒரு சம்மதம், எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு வெளியிட இன்னொரு சம்மதம் என்று இரண்டு முறை வாங்குங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்ற உறுதியையும் எழுத்தில் கொடுங்கள்.

படத்தைப் பொது இடத்தில் மாட்டுவதற்கும் இந்நாட்டில் ஒரு முன்கதை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாவில், தேசியக் கொடியோடு நின்ற மலேசியர்களின் உருவப்படங்கள் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் நிஷா அயூபின் படமும் இன்னொரு உரிமைச் செயற்பாட்டாளரின் படமும் சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சரின் தலையீட்டால் எடுக்கப்பட்டன. நிஷா அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் அமெரிக்க அரசின் அனைத்துலகத் துணிச்சல் மிக்க பெண்கள் விருதைப் பெற்றிருந்தார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். இளமையில் உடைக்காகச் சிறை சென்றவர், பிறகு உலகம் பாராட்டியவர், ஆனால் சொந்த நாட்டில் ஒரு சுவரில் அவர் படம் நிற்க முடியவில்லை. உங்கள் மண்டபத்தின் உரிமையாளரிடம் இதை மறைக்காமல் முன்பே பேசிவிடுங்கள். படத்தை எடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதைக் குழு இப்போதே முடிவு செய்யட்டும். காலியான படச்சட்டத்தை அதே இடத்தில், காரணத்தை எழுதி, விட்டுவைப்பது என் யோசனை, முடிவு உங்களுடையது.

பெரியவரின் தடைக்கு வருகிறேன். அவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்நாட்டில் தமிழர்கள் குடிகாரர்கள், குண்டர்கள் என்று பழி கேட்டுக் கேட்டு, நம் சனத்தை நாலு பேர் மதிக்கும்படி காட்ட வேண்டும் என்ற தவிப்பில் வளர்ந்த தலைமுறை அவருடையது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒன்றைக் கேளுங்கள்: அந்த அக்கா தைப்பூசத்தில் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்துப்போனதைப் பார்த்ததுண்டா, தீபாவளிக்கு யார் வீட்டில் சாப்பிட்டார், யாருடைய பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டார்? அந்தப் படமே ஒரு திருமண ஆல்பத்தில்தானே கிடைத்திருக்கிறது. அழைக்காமல் அவர் அந்த ஆல்பத்துக்குள் வந்திருக்க முடியாது. நான் அறிந்தவரையில், இப்படித் தடுக்கும் பெரியவர்களிடமே மிகுந்த நினைவுகள் இருக்கின்றன. கேட்கும் விதத்தில் கேட்டால் அவர்களே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார்கள்.

அவரைச் சமாதானப்படுத்துவதற்காக அர்த்தநாரீசுவரரையும் கூவாகத்து அரவானையும் விளக்க அட்டையில் எழுதலாமா என்று நீங்கள் யோசிப்பதாகத் தெரிகிறது. வேண்டாம் என்பேன். கூவாகத்தில் சித்திரைதோறும் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளப் போகும் திருநங்கையரின் நம்பிக்கை பெரியது. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில், அதாவது கடை வரிசை முன்னுள்ள நடைபாதையில், வாழ்ந்த ஒரு பெண் நம் வரலாற்றில் இடம்பெற எந்தத் தெய்வத்தின் சிபாரிசும் தேவையில்லை. வாக்குக் கொடுத்த தெய்வ அக்கா, கைராசிக்காரி என்று மட்டும் எழுதினாலும் பிழைதான். அவர் பாலியல் தொழில் செய்திருந்தால், அவரை அறிந்தவர்கள் ஒப்புக்கொண்டால், அதையும் எழுதுங்கள். கடைகளில் காசு கேட்டதையும், போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டதையும், சண்டைக்காரி என்று பெயரெடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். மார்ஷாவை அவருடைய காலத்தவர் புனிதர் என்றார்கள். அவருக்கு மனநோய் இருந்தது, மருத்துவமனைகளில் கிடந்தார், கோபம் வந்தால் அடிக்கவும் செய்தார் என்பதையும் அவர்களே சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் மனுஷி.

விளக்க அட்டை சுருக்கமாக இருக்கட்டும். அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரை மகள்கள் சொன்னால் அதுவே தலைப்பு. கிடைக்காவிட்டால் ‘அக்கா’ என்றே போடுங்கள், அது வட்டாரம் கொடுத்த பெயர். பிறகு அவர் நின்ற கடை, படம் எடுத்த ஆண்டு தோராயமாக, யாருடைய ஆல்பம் என்பது அந்தக் குடும்பம் சம்மதித்தால், அவரைப் பற்றிப் பேசியவர்களின் சொற்களில் இரண்டு வரிகள். ‘சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்’ என்று பொதுவாக எழுதுவதைத் தவிர்த்து, யார் ஒதுக்கினார்கள், எந்தச் சட்டம், எந்த வீடு என்பதைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். படத்தைத் தனி மூலையில் வைக்காதீர்கள். பூக்கடைகளைப் பற்றிய பகுதியில், ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும் மாலை கட்டியவர்களுக்கும் நடுவில் வையுங்கள். அவர் வாழ்ந்த இடம் அது.

கடைசியாகப் பேட்டிகளின் ஒலிப்பதிவுகள். கண்காட்சி முடிந்ததும் அவை யாருடைய கைப்பேசியிலோ கிடந்து அழிந்துபோகின்றன. நம் சமூகத்தின் வாய்மொழி வரலாற்றில் பாதி இப்படித்தான் போயிற்று. ஒரு பிரதியைப் பேசியவரிடமே கொடுங்கள். ஒரு பிரதி அவர்களோடு வேலை செய்யும் அமைப்பிடம் இருக்கட்டும். மூன்றாவதை, பெயர்களையும் அடையாளம் காட்டும் குறிப்புகளையும் நீக்கி, பேசியவர்கள் சம்மதித்தால் மட்டும், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற ஓர் இடத்தில் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள்; இன்ன ஆண்டு வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவோடு சமகாலத்தில் தெருவில் நின்றவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும், அவர்களில் பலருக்கு உடல்நலம் சரியில்லை. திறப்பு விழா தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, பேட்டிகளை முதலில் தொடங்குங்கள். யாரை எப்படி அணுகுவது என்பதில் தடுமாற்றம் இருந்தால் மறுபடியும் எழுதுங்கள், நானும் உடன் வருகிறேன்.